சூடு பட்டால் திறக்கும் மருந்து

பிப்ரவரி 6

புது மருந்துச் சோதனையில் சேர்ந்ததற்கு ஆஸ்பத்திரியில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். மருந்து போட்டாயிற்றா, அரிப்பு உண்டா, எரிச்சல் உண்டா என்று தினமும் டிக் அடிக்க வேண்டும். கடைசியில் 'வேறு ஏதாவது' என்று ஒரே ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். ஒரு கோட்டில் நான் என்னத்தை எழுத? வாலிப வயதிலிருந்து புடவை விற்கிறவன், ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. மிச்சத்தை இதில் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெயர் குழந்தைவேலு. திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை, பட்டுப் பிரிவு. இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சொரியாசிஸ். சிவந்து, தடித்து, மேலே வெள்ளைச் செதிலாக உதிரும். யாருக்கும் ஒட்டாது. டாக்டர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது.

பட்டுப் பிரிவு என்று கை தானாக எழுதிவிட்டது. ஐப்பசியிலிருந்து மேல்மாடியில் பார்சல் பிரிவு. ஒரு கல்யாண வீட்டு அம்மா, நான் விரித்துக் காட்டிய புடவையைத் தொடாமலே, "வேற ஆளை எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றார். மேனேஜர் ரத்தினசபாபதி தங்கமான மனுஷன். "அண்ணே, கொஞ்ச நாளைக்கு மேல இருங்களேன்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பார்சலில் நாள் முழுக்க நிற்க வேண்டாம். ஒருவகையில் நல்லதுதான்.

இன்று விஷயம் அதுவல்ல. மருந்தைச் செய்தவரைப் பார்த்தேன். பெயர் நிலோஃபர். ஊசி போடும் டாக்டர் இல்லை, மருந்தியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவர். நாற்பது வயது இருக்காது. முக்காடு, மூக்குக்கண்ணாடி, வேகமான பேச்சு. வாரம் ஒருநாள் தோல் பிரிவுக்கு வந்து எங்களையெல்லாம் பார்ப்பாராம்.

"நீங்க இதுவரைக்கும் போட்ட களிம்பு எல்லாம் தோலுக்கு மேலேயே நின்னுடும் சார். மாத்திரை சாப்பிட்டா ஈரலுக்குக் கெடுதல். இது வேற மாதிரி. கண்ணுக்குத் தெரியாத உருண்டைங்க. உங்க தலைமுடி குறுக்கே ஐந்நூறு உருண்டைய வரிசையா அடுக்கலாம், அவ்வளவு சின்னது. தண்ணியில ஊறி உப்பியிருக்கும். மருந்து அதுக்குள்ள. உடம்புச் சூடு பட்டா அது சுருங்கும். சுருங்கும்போது மருந்து பிதுங்கி வெளிய வந்து தோலுக்குள்ள இறங்கும்."

"ஈரப் புடவையைப் பிழியற மாதிரியா?"

"அதேதான்! பிழியற கை உங்க உடம்புச் சூடு. வீக்கம் இருக்கற இடம் இன்னும் கொஞ்சம் சூடா இருக்கும். அங்க இன்னும் நல்லாப் பிழியும்."

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குச் சூடு தெரிகிறது. எங்கே வாயைத் திறக்க வேண்டும் என்று தெரிகிறது. அதை ஒரு மனுஷி உட்கார்ந்து செய்திருக்கிறார், நம் ஊரில்.

இரண்டு ட்யூப். ஒன்று இடது கைக்கு, ஒன்று வலது கைக்கு. ஒன்றில்தான் மருந்து இருக்கிறது, மற்றதில் வெறும் உருண்டைகள். எது எதுவென்று எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. பாரபட்சம் வரக்கூடாதாம்.

பிப்ரவரி 7

போட்டேன். தண்ணீர் போலத் தெளிவாக, குளுகுளு என்று இருந்தது.

பிப்ரவரி 15

மருந்து மாடி அறையில் இருக்கிறது. அங்கேயே வைத்துப் போட்டுக்கொள்கிறேன். கார்த்திகையிலிருந்து நான் அங்கேதான் படுப்பது. மேலே தகரம்தான், இருந்தாலும் காற்று வரும். கீழே படுத்தால் படுக்கை விரிப்பில் செதில் உதிரும். காலையில் என் மனைவி பூங்கொடி எடுத்து உதறுவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். மகளும் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், கீழே பூங்கொடி ஒருத்திக்குத் தாராளமாக இருக்கும். என் குறட்டைத் தொல்லையும் இல்லை.

இரவுச் சாப்பாட்டை மேலேயே கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். படியேறி எதற்குக் கஷ்டப்பட வேண்டும், நானே வந்து சாப்பிட்டுப் போகிறேன் என்றேன்.

மார்ச் 4

இடது கை!

செதில் நின்றுவிட்டது. தடிப்பு அமுங்கியிருக்கிறது. வலது கை அப்படியே.

மேடம் அளவுகோல் வைத்து அளந்தார், படம் எடுத்தார், எழுதினார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. "என்ன மேடம், உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

"கடைசியில கணக்கைப் பிரிக்கற வரைக்கும் நான் சந்தோஷப்படக் கூடாது சார். சந்தோஷப்பட்டா கண்ணு நல்லதை மட்டும் பார்க்க ஆரம்பிச்சிடும்."

சொல்லிவிட்டு என் இடது கையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். அளப்பதற்கு அங்கே வேறு ஒன்றும் பாக்கி இல்லை. சும்மா பார்த்தார்.

மார்ச் 21

முகூர்த்தக் கூட்டம். பட்டுப் பிரிவில் ஆள் போதாமல் மேனேஜர் கூப்பிட்டார். இறங்கிப் போனேன். வலது கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இடது கையாலேயே புடவையை உதறி விரித்தேன். முந்தானை சரியாக வந்து விழுந்தது. ஒரு பாட்டியம்மா, "இவர் விரிக்கிற அழகுக்கே எடுக்கலாம்" என்றார். அரக்கு நிறம், பச்சைக் கரை. எடுத்துவிட்டார்கள்.

இடது ட்யூபிலிருந்து ஒரு துளி எடுத்து வலது கையில் தடவினால் யாருக்குத் தெரியும்? மேடத்துக்குத் தெரியாது. ஆனால் அவர் தன் சந்தோஷத்தையே கட்டி வைத்திருக்கிறார். தடவவில்லை.

ஏப்ரல் 18

வெயில் ஏறிவிட்டது. மாலையில் கடையிலிருந்து வந்து ட்யூபைப் பிதுக்கினால் மருந்து நீர்மோர் மாதிரி வெளுத்து வருகிறது. குளிர்ச்சியும் இல்லை. ஆனாலும் மருந்து மருந்துதானே. போட்டேன்.

ஏப்ரல் 20

இடது முழங்கையில் கொஞ்சம் சிவப்பு. ஒன்றுமில்லை.

ஏப்ரல் 23

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன். தாளில் எரிச்சல் 'இல்லை' என்று டிக் அடித்தேன். வேர்க்குருவும் இப்படித்தான் எரியும். இதைப் போய்ச் சொன்னால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள். கை குணமாகிக்கொண்டு வரும்போது எதற்கு?

"முழுக்கைச் சட்டை எதுக்கு, இந்த வெயில்ல?" என்று பூங்கொடி கேட்டாள். கடையில் ஏசி என்றேன். பார்சல் பிரிவில் ஏசி கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 26

மாட்டிக்கொண்டேன்.

"கையை மடிச்சு விடுங்க சார்" என்றார் மேடம். மெதுவாக மடித்தேன். அவர் பார்த்த இடத்தில் தோல் வெந்தமாதிரி கொப்பளித்திருந்தது. எனக்கே அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது என்று எழுதலாம், ஆனால் அது உண்மையில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தோல் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார், புண்ணுக்குக் களிம்பு போடச் செய்தார். பிறகு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு வாரம் மேடம்."

"ஏன் சொல்லலை?"

"நிறுத்திடுவீங்கன்னு."

கண்ணாடியைக் கழற்றினார். "மருந்து எப்படி இருந்துச்சு? தெளிவாவா, வெள்ளையாவா?"

"வெள்ளையா. மோர் மாதிரி."

"எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்டுல."

"வீட்டுல எங்க?"

"மாடியில ஒரு ரூம் இருக்கு. தகரம் போட்டது."

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லை. நான்தான்."

அதற்கு மேல் கேட்கவில்லை. நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 27

வந்தார். உச்சி வெயிலில், ஸ்கூட்டரில், தோளில் ஒரு பையோடு. பூங்கொடி காபி போடப் போனாள். "அப்புறம் அக்கா, முதல்ல ரூமைப் பார்த்துடறேன்" என்று நேராகப் படியேறிவிட்டார்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தமாதிரி இருந்தது. எனக்குப் பழக்கம். இன்னொருவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் அந்த அறை எப்படி இருக்கிறது என்று தெரிகிறது. ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் இரண்டு ட்யூப்.

மேடம் கட்டிலில் உட்கார்ந்து பையிலிருந்து சூடு அளக்கிற ஒரு சின்னப் பெட்டியை எடுத்து ஸ்டூலில் வைத்தார். அதில் எண் ஏறிக்கொண்டே போய் நாற்பத்தொன்றில் நின்றது. கீழே போய்விடலாம் மேடம் என்றேன். கையைக் காட்டி இருக்கச் சொன்னார். வேர்வை கண்ணாடி மேல் வழிந்தது. துடைக்கவில்லை. இடது ட்யூபை எடுத்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிதுக்கினார். வெள்ளை.

"முப்பத்திநாலு டிகிரியத் தாண்டினா சுருங்கற மாதிரி செஞ்சேன் சார். தோல் மேல சுருங்கணும்னு. இங்க ட்யூபுக்குள்ளேயே சுருங்கியிருக்கு. மருந்து முழுக்க வெளிய வந்து நிக்குது. நீங்க தடவினதும் கொஞ்சங்கொஞ்சமா இறங்க வேண்டியது மொத்தமா ஒரே இடத்துல இறங்கிடுச்சு."

அப்போது பூங்கொடி சொம்பில் பானைத் தண்ணீர் கொண்டுவந்தாள். மேடம் அதைக் குடிக்காமல் குப்பியை அதற்குள் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வெள்ளை மெல்ல மெல்லக் கரைந்து பழையபடி தண்ணீர் போலத் தெளிந்தது. மாயம் மாதிரி இருந்தது. "சரியாயிடுச்சே!" என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் மேடம். "காலேஜ்ல சூடு பண்ணிப் பார்த்தேன். வெளுத்துச்சு, ஆறவச்சேன், தெளிஞ்சிடுச்சு. அதோட விட்டுட்டேன். தெளிஞ்சது உருண்டைதான். வெளிய வந்த மருந்து திரும்ப உள்ள போகலை. அதை நான் பார்த்திருக்கணும்." குப்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க லேப்ல எப்பவும் இருபத்திமூணு டிகிரி. நான் பாலக்கரையில தகரக் கூரைக்கு அடியில வளர்ந்தவ சார். எனக்கு இது தெரியாதுன்னு சொல்ல முடியாது."

ஒரு படித்தவர், என்னை மாதிரி ஆளிடம், என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இந்தச் சூட்டுல இங்க ஏன் படுக்கறீங்க?"

"காத்து வரும் மேடம்."

பூங்கொடி வாசற்படியில் நின்றிருந்தாள். "இந்த ரூம்லயா? ஒரு ஜன்னல் இருக்கா பாருங்க மேடம். நான் போகச் சொல்லலை. அவரா பாயைச் சுருட்டிக்கிட்டு ஏறி வந்துட்டாரு. நான் கையைத் தொட்டா இழுத்துக்கறாரு. எனக்கு என்ன, இது ஒட்டிக்கும்னா பயம்? கல்யாணமாகி எத்தனை வருஷம்" என்று சொல்லி, பாதியில் நிறுத்தி, சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வெளியாள் முன்னால் இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. மேடம் கீழே சமையலறையில் அவளோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மே 2

புண்ணைக் காட்டப் போயிருந்தேன். மேடம் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சென்னையிலிருந்து வந்த கம்பெனிக்காரர். மருந்தை விற்கப் போகிறவர்கள் அவர்கள்தானாம்.

"ஒருத்தருக்குத்தானே மேடம்? மத்தவங்க எல்லாருக்கும் அருமையாக் கேக்குது. இந்த நேரத்துல நிறுத்தினா எல்லாம் முதல்லேர்ந்து."

"அக்னி நட்சத்திரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை சார். இனிமேதான் எல்லாருக்கும் வரும்."

"ஃப்ரிட்ஜ்ல வைக்கவும்னு அட்டையில போட்டுடலாம். அவர் தப்பான இடத்துல வச்சிட்டாரு."

"அவர் வீட்டுல வச்சாரு."

"தகரக் கூரை மேடம்!"

"ஆமா. ஆள் சேர்க்கும்போது உங்க கூரை என்னன்னு நான் யாரையும் கேக்கலையே."

"உங்க ஏழு வருஷ உழைப்பு. கட்டுரை வெளிவரப் போகுது. யோசிச்சுப் பாருங்க."

பிறகு மேடம் குரல், தணிவாக: "கட்டுரையத் திரும்ப வாங்கிடறேன்னு காலையிலேயே எழுதிட்டேன் சார்."

கம்பெனிக்காரர் வெளியே வந்தபோது நான் எழுந்து நின்றேன். அவருக்காக இல்லை. உள்ளே இருந்தவருக்காக.

மே 3

ட்யூபையெல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். எங்கள் எல்லோருக்கும் அவரே போன் செய்து, என்ன நடந்தது, ஏன் நிறுத்துகிறார் என்று சொன்னாராம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி திட்டினார்களாம்.

ஜூன் 25

இடது கையில் திரும்ப வந்துவிட்டது.

ஜூலை 20

ஆடித் தள்ளுபடி. கீழே கூட்டம் தெரு வரைக்கும் நிற்கிறது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு சாக்குக் கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டபோது எரிச்சலில் மேடத்தைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். ஃப்ரிட்ஜ் என்று போட்டிருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்திருப்பேனே. என் வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. எல்லோர் வீட்டிலும் இல்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

ஜூலை 21

நேற்று எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 9

மேடம் போன். "கை எப்படி இருக்கு?" பழையபடிதான் என்றேன். "எனக்கும் பழையபடிதான்" என்று சிரித்தார். கம்பெனி விலகிவிட்டதாம். பகலில் வகுப்பு எடுக்கிறார், மிச்ச நேரமெல்லாம் லேப். கடைசியில் "அக்கா இருக்காங்களா, குடுங்க" என்றார். பூங்கொடி போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். இந்த இரண்டு பேருக்கும் பேச என்ன இருக்கிறதோ.

அக்டோபர் 30

தீபாவளிப் பார்சல். முதுகு ஒடிகிறது. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 11

வரச் சொல்லி ஆள் விடவில்லை, மேடமே கடைக்கு வந்துவிட்டார். பார்சல் பிரிவில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கிழித்தார். உள்ளே ஒரு துண்டு. மெல்லிசு, கண்ணாடித்தாள் மாதிரி.

"தண்ணி இருந்தாத்தானே சார் உப்பும், சுருங்கும்? தண்ணியே இல்லாம காய வச்சுட்டா? எத்தனை வெயில் அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. போடற நேரத்துல நனைச்சா போதும், உப்பிக்கும். அப்புறம் உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான் சுருங்கும்."

"இவ்வளவு சுலபமா?"

"சுலபமா?" என்று சிரித்தார். "காய வச்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, நனைச்சாலும் பிரியலை. மழைக்காலம் முழுக்க இதே வேலை. ஒரு வகைச் சர்க்கரையை நடுவுல சேர்த்ததும்தான் பிரிஞ்சுது. அன்னைக்கு லேப்ல நான் மட்டும்தான் இருந்தேன். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம எங்க அம்மாவுக்குப் போன் பண்ணி, 'மா, பிரிஞ்சுடுச்சு'ன்னேன். அவங்க பயந்துபோய், எந்தப் புருஷன் பொண்டாட்டின்னு கேக்கறாங்க."

நான் அட்டைப்பெட்டி சரியும்படி சிரித்தேன். ஏழு வருஷத்தைக் கீழே போட்டுவிட்டு எட்டாவது வருஷம் இப்படிச் சிரிக்க முடிகிறது என்றால் அந்த மனுஷியின் நெஞ்சை எதனால் செய்திருக்கிறார்களோ?

மார்ச் 1

ஒரு வினோதம். மேடத்துக்கு என் மாடி அறை வேண்டுமாம். புது மருந்து உறைகளை இந்தக் கோடை முழுவதும் அங்கே வைத்துச் சோதிக்க வேண்டுமாம்.

"காலேஜ்ல சூட்டுப் பெட்டி இல்லையா மேடம்?"

"இருக்கு. அதுல சூடு ஒரே மாதிரி நிக்கும். உங்க ரூம் மாதிரி பகல்ல கொதிச்சு ராத்திரி ஆறாது. நெஜமான வெயில் வேணும் சார்."

சரி, ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், நான் பாட்டுக்குப் படுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அதுதான் முடியாது. ஆள் இருந்தா, கதவு திறந்து மூடினா, கணக்குத் தப்பாயிடும். பூட்டி வைக்கணும்."

பூங்கொடி பக்கத்தில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. அறிவியலுக்காக என்னும்போது நான் குறுக்கே நிற்க முடியுமா? சரி என்றேன். பூட்டையும் மேடமே கொண்டுவந்திருந்தார்.

மார்ச் 2

கீழே, கூடத்தில் படுத்தேன். பூங்கொடி உள்ளே.

மார்ச் 19

கூடத்தில் கொசு. உள்ளே கட்டிலில் ஓர் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன். முழுக்கைச் சட்டையோடு. பூங்கொடி மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மே 16

மேடம் வந்து பூட்டைத் திறந்தார். அறைக்குள் வைத்திருந்த சூடு அளக்கும் பெட்டி காட்டிய அதிகபட்சம் நாற்பத்திமூன்று. உறைகளில் பாதியைச் சோதிக்க எடுத்துப் போனார்.

மே 21

போன். கத்தினார் என்றே சொல்ல வேண்டும். "அப்படியே இருக்கு சார்! ஒரு துளி கசியலை!" சந்தோஷப்படக் கூடாதே மேடம் என்றேன். "இது மருந்து கெட்டுப்போச்சாங்கற சோதனை. இதுக்குச் சந்தோஷப்படலாம்!"

மே 26

மறுபடியும் ஆரம்பம். மறுபடியும் இரண்டு கைக்கும் தனித்தனி உறை. எனக்கு மட்டும் அந்த மாடி அறையில் கோடை முழுக்க வெந்த உறைகள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மேடம் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "நம்புறீங்களா?" என்றார். கையை நீட்டினேன்.

போடும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். நனைக்க வேண்டும், ஒட்ட வேண்டும், உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். ஈரமும் சூடும் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுவதற்கு. "முழங்கைக்குப் பின்னாடி உங்களால தனியாப் பிடிக்க முடியாது."

கடையில் யாரையாவது கேட்கிறேன் என்றேன்.

"கேளுங்க" என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மே 27

கடையில் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் வேலை.

மாலையில் பூங்கொடியே கிண்ணத்தில் தண்ணீரும் உறையுமாக வந்து உட்கார்ந்தாள். முறையெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "சட்டையைக் கழட்டுங்க." கழற்றினேன். துண்டை நனைத்து முழங்கைக்குப் பின்னால் வைத்தாள். கையை இழுக்கப் பார்த்தேன்.

"செதில் ஒட்டும் உன் கையில."

"ஒட்டட்டும்."

உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். காய்கறி நறுக்கிய கை, ஈரமாக, முதலில் குளிர்ச்சியாக இருந்தது. பிறகு சூடேறியது. எதன் சூடு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கையை நீட்டச் சொன்னாள். அதில் வெறும் உருண்டையாக இருக்கலாம் என்றேன். இருக்கட்டும் என்றாள்.

தாளில் 'வேறு ஏதாவது' என்ற கோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

ஜூன் 24

இந்த முறை வலது கை. தடிப்பு அமுங்கிவிட்டது. எரிச்சல் இல்லை. நிஜமாகவே இல்லை.

ஆகஸ்ட் 22

எங்கள் எல்லோரையும் கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார். வேறு ஊர்களிலிருந்தும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் வந்திருந்தார்கள். கணக்கைப் பிரித்தாயிற்று. மருந்து வைத்த கையில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல குணம், ஒருவருக்கும் புண் இல்லை. இந்த நோய் திரும்ப வரலாம், இது அடியோடு போக்கிவிடும் மருந்து இல்லை, விற்பனைக்கு வர இன்னும் பல சோதனை பாக்கி என்று அதையும் சொன்னார். இனி எங்களுக்கு இரண்டு கைக்கும் நிஜ மருந்தே கொடுப்பார்கள்.

மேடையில் அவர் போட்ட முதல் படம் வெற்றிப் படம் இல்லை. என் மாடி அறை. கட்டில், கொடி, ஸ்டூல், வெளுத்துப்போன குப்பி. முன்கூட்டியே என்னிடம் அனுமதி கேட்டிருந்தார். "என்னுடைய மருந்து தோற்ற இடம் இது. இங்கிருந்துதான் நான் மறுபடியும் ஆரம்பித்தேன்" என்றார், அத்தனை பேர் முன்னால், குரல் நடுங்காமல். முன்வரிசையில் ஒரு வயதான பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். நானும் பூங்கொடியும் பின்வரிசையில் நின்றே தட்டினோம்.

அக்டோபர் 12

மேனேஜர் மேலே வந்து, "அண்ணே, தீபாவளிக்குப் பட்டுக்கு வந்துடுங்க" என்றார். இரண்டு கையாலும் விரித்தேன். வலது மணிக்கட்டில் இன்னும் ஒரு வெளிர்ந்த திட்டு இருக்கிறது. ஒரு பெண் அதைப் பார்த்தாள். இது ஒட்டாதும்மா என்றேன். சரிங்க, அந்த மயில்கழுத்து நிறத்தைக் காட்டுங்க என்றாள்.

அக்டோபர் 26

கடைசி உறையும் நேற்றோடு முடிந்தது. மாடி அறைச் சாவியை மேடம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார். பூங்கொடி அங்கே வடகம் காயவைக்கிறாள்.

மாலையில் வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பூங்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முழங்கையில் உள்ளங்கையை வைத்தாள்.

"இன்னைக்கு மருந்து இல்லையே" என்றேன்.

"தெரியும்" என்றாள்.